பிரான்சைஸ் ஒப்பந்தத்தில் இணையம் யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் பிரான்சைஸ், அதாவது அதன் பெயரில் கிளை நடத்தும் உரிமை, எடுக்க நினைப்பவர்கள் முன்பணம் எவ்வளவு, விற்பனையில் நிறுவனத்துக்குத் தொடர்ந்து தர வேண்டிய பங்கான ராயல்டி எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். இணையதளம், ஆன்லைன் விளம்பரம் பற்றிய பக்கங்களைப் பலர் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வாடிக்கையாளர் கடையைச் செல்போனில் தேடும் காலத்தில், வியாபாரம் எவ்வளவு வரும் என்பதை அந்தப் பக்கங்கள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

வழக்கமான விதிகள் இப்படி இருக்கும். கிளை எடுத்தவர் தனியாக வெப்சைட் தொடங்கக் கூடாது, நிறுவனத்தின் பெயர் சேர்ந்த டொமைனை, அதாவது இணைய முகவரியை, தன் பெயரில் பதிவு செய்யக் கூடாது, எந்த விளம்பரத்துக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நிறுவனத்தின் தளத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு பக்கம் கொடுப்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஒரு கிளை பொய்யான சலுகையை விளம்பரப்படுத்தினால் எல்லாக் கிளைகளின் பெயரும் கெடும். வர்த்தக முத்திரையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டு அதன் தரத்தைக் கவனிக்காமல் விட்டால், பல நாடுகளில் அந்த முத்திரையின் மீதான உரிமையே ஆட்டம் காணும்.

தேடல் விளம்பரத்திலும் இதே நியாயம்தான். கூகுள் போன்ற தளங்களில் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. தாய் நிறுவனமும் அதன் கிளைகளும் ஒரே பெயருக்குப் போட்டி போட்டு ஏலம் கேட்டால், ஒவ்வொரு கிளிக்கின் விலையும் ஏறும். செலவாவதெல்லாம் ஒரே குடும்பத்துப் பணம். ஆனால் கட்டுப்பாட்டுக்கும் எல்லை உண்டு. 2018 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் கெஸ் என்ற ஆடை நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட 4 கோடி யூரோ அபராதம் விதித்தது. அங்கீகாரம் பெற்ற கடைக்காரர்கள் தேடல் விளம்பரத்தில் கெஸ் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது அதற்கான காரணங்களில் ஒன்று. ஐரோப்பாவில் 2022 ஜூன் முதல் நடப்பில் உள்ள விதிகளும், தரத்துக்கு நிபந்தனை போடலாம், விற்பவர் இணையத்தைப் பயன்படுத்த முடியாதபடி செய்யக் கூடாது என்ற திசையில்தான் போகின்றன.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், உங்கள் எல்லைக்குள் தாய் நிறுவனமே ஆன்லைனில் விற்கலாமா என்பது. "இந்தப் பகுதி உங்களுக்கு மட்டும்" என்று ஒப்பந்தம் சொல்லும். அதே பகுதியில் இருப்பவர் நிறுவனத்தின் தளத்தில் ஆர்டர் போட்டால் அந்த விற்பனை யாருக்கு? அமெரிக்காவில் டிரக் எம்போரியம் என்ற மருந்துக்கடை நிறுவனம் இணையத்தில் விற்கத் தொடங்கியபோது கிளைக்காரர்கள் எதிர்த்தார்கள். 2000-ஆம் ஆண்டு நடுவர் மன்றம் அவர்கள் பக்கம் நின்று, அவர்களுடைய எல்லைக்குள் இருப்பவர்களுக்கு அப்படி விற்பதைத் தடுத்தது. அதற்குப் பிறகு நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. இணைய விற்பனை உரிமை எங்களுக்கே என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பிறகு வழக்காடுவது கடினம்.

அமெரிக்காவில் கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே நிறுவனம் ஒரு விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். உங்கள் எல்லைக்குள் இணையம் வழியாக விற்கும் உரிமையை நிறுவனம் வைத்திருக்கிறதா, அதற்கு ஈடு ஏதும் தருமா, உங்களிடம் வாங்கும் விளம்பர நிதியில் உங்கள் பகுதிக்குச் செலவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இப்படி ஒரு சட்டம் இல்லாத நாட்டில் இருந்தாலும் சரி, இதே கேள்விகளைக் கேட்கலாம்.

அப்புறம், ஒப்பந்தம் முடியும் நாள். மேப்பில் உள்ள கடைப் பதிவு, அதில் சேர்ந்த விமர்சனங்கள், சமூக ஊடகக் கணக்கு, விளம்பரத்தில் போட்ட போன் நம்பர் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்கின்றன. பெயரை விட்டுக்கொடுப்பது சரி. பல ஆண்டு உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளர் விவரங்களும் அதோடு போய்விடுமா என்பதைத் தொடக்கத்திலேயே பேசுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்மொழியாகப் பதில் வந்தால், எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இதில் எழுதியிருப்பதைத் தவிர வேறு எந்த வாக்குறுதியும் செல்லாது என்ற ஒரு வரி அநேகமாக அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.