அம்மாவின் அறை யன்னலும் வெயிலைத் தடுக்கும் பூச்சுக் கண்ணாடியும்

வணக்கம் உறவுகளே. இப்போது காலை ஏழரை மணி. உப்புவெளியில், எங்கள் வீட்டில், அம்மாவின் அறைக்குள் நின்று பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிகிற யன்னல் கிழக்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. சூரியன் கடலை விட்டு எழும்பிய நேரத்திலிருந்து பத்து மணி வரைக்கும் வெயில் இந்தக் கண்ணாடியில் நேருக்கு நேர் விழும். திருகோணமலையில் கடற்கரையை ஒட்டிக் குடியிருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த கதைதான்.

இரண்டு மாதங்களுக்கு முன்னர், இந்த அறைக்கும் பக்கத்து அறைக்கும் வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி போட்டோம். இரண்டுக்கும் ஒரே வகைக் கண்ணாடி, ஒரே அளவு, ஒரே நாளில் பொருத்தியது. இப்போது நான் இந்தக் கண்ணாடியின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைக்கிறேன். நன்றாகவே சுடுகிறது. பக்கத்து அறைக் கண்ணாடியில் சற்று முன்னர் கை வைத்துப் பார்த்தேன். அது இந்த அளவுக்குச் சூடாக இல்லை. ஏன் இப்படி என்று ஒரு வாரமாகத் தேடி, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்வதற்கு முன்னர், இந்தக் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அது விளங்கினால்தான் காரணமும் விளங்கும்.

வெயில் என்று நாங்கள் சொல்வதில் மூன்று பங்குகள் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற ஒளி ஏறத்தாழ 45 வீதம். கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்கள் ஏறத்தாழ 50 வீதம். மிச்சமாக உள்ள சிறிய பங்கு புறஊதாக் கதிர்கள். பாடசாலையில் கழியூதாக் கதிர் என்று படித்தோமே, அதுதான். வெயிலின் சக்தியில் பாதியளவு நாங்கள் காணாத செங்கீழ்க் கதிர்களில் இருப்பதால், அந்தப் பாதியை வெளியே திருப்பி அனுப்பிவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடக்கூடிய ஒரு கண்ணாடி கிடைத்தால், அறை இருட்டாகாமலே சூட்டைக் குறைக்கலாம். பூச்சுக் கண்ணாடி செய்கிற வேலை இதுதான்.

அந்தப் பூச்சில் முக்கியமானது வெள்ளி. ஆம், கொலுசு செய்கிற அதே வெள்ளிதான். வெற்றிடமாக்கப்பட்ட ஒரு பெரிய கூடத்தினுள், ஏறத்தாழ 10 முதல் 15 நனோமீற்றர் தடிப்பில் வெள்ளியைக் கண்ணாடியின் மேல் படியவைக்கிறார்கள். ஒரு தலைமயிரின் தடிப்பை ஐயாயிரம் பங்காகக் கூறுபோட்டால் கிடைக்கிற அளவு அது. அவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது வெள்ளி ஒளியைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். செங்கீழ்க் கதிர்களை மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். வெள்ளிக்கு மேலும் கீழும் நாக ஒட்சைட்டு, சிலிக்கன் நைத்திரைட்டு போன்றவற்றின் படலங்கள் உண்டு. அவை வெளிச்சம் வீணாகத் தெறித்துப் போகாமல் பார்த்துக்கொள்கின்றன, வெள்ளியையும் காக்கின்றன. வெள்ளிப் படலம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடக்கூடக் கண்ணாடியின் தரமும் கூடும், விலையும் கூடும்.

இப்போது கடையில் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். இந்தக் காணொளியில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்று கேட்காதீர்கள். இரண்டு எண்களைக் கேளுங்கள். முதலாவது, வெயிலின் சக்தியில் எவ்வளவு பங்கு அறைக்குள் வருகிறது என்பது. எஸ்.எச்.ஜி.சி. என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவது, எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பது. அதை வி.எல்.ரி. என்பார்கள். சாதாரணத் தெளிந்த கண்ணாடிக்கு முதல் எண் 0.85 அளவில் இருக்கும். இரண்டு வெள்ளிப் படலம் உள்ள நல்ல இரட்டைக் கண்ணாடிக்கு அது 0.38 அளவுக்கு இறங்கும். அப்படி இறங்கியும் 60 வீதத்துக்கு மேல் வெளிச்சம் வரும்.

வெறும் எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் எங்கள் யன்னலை வைத்தே சொல்கிறேன். இது நான்கு அடிக்கு ஐந்து அடி, அதாவது 1.86 சதுர மீற்றர். முகில் இல்லாத காலையில் கிழக்குச் சுவரின் ஒரு சதுர மீற்றரில் 600 வோட் வெயில் விழுகிறது என்று வையுங்கள். சாதாரணக் கண்ணாடி என்றால் ஏறத்தாழ 950 வோட் உள்ளே வரும். துணி அழுத்துகிற அயன் ஒன்றைப் போட்டு அறைக்குள் எரியவிட்டதற்குச் சமம். 0.38 உள்ள கண்ணாடி என்றால் 425 வோட்டுக்குள் நின்றுவிடும். ஏசி போடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் மாதக் கடைசியில் மின்கட்டணச் சிட்டையில் தெரியும். ஏசி இல்லாத எங்கள் வீட்டில் அது அம்மாவின் நித்திரையில் தெரிகிறது.

எண்ணைக் கேட்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்படிப்பட்ட பூச்சுக் கண்ணாடியைக் கடைகளில் லோ-ஈ என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டவுடனேயே வாங்கிவிடக்கூடாது. குளிர் நாடுகளுக்கென்று செய்கிற லோ-ஈ வகையும் உண்டு. அங்கே வெயில் தாராளமாக உள்ளே வர வேண்டும், உள்ளே வந்த சூடு வெளியே போகக்கூடாது. அந்த வகையில் எஸ்.எச்.ஜி.சி. 0.6, 0.7 என்று இருக்கும். பெயர் ஒன்றுதான், எங்கள் ஊருக்கு அது உதவாது.

கறுப்பு என்ற சொல்லால் நாங்கள் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்னர் முன் அறை யன்னலுக்கு ஒரு கடையில் கறுப்பு ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டினோம். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. பகலிலேயே மின்விளக்குப் போட வேண்டிய அளவுக்கு அறை இருண்டது, ஆனால் சூடு பெரிதாகக் குறையவில்லை. வெறும் சாயம் ஏற்றிய தாள் வெயிலைத் திருப்பி அனுப்பாது. தானே உறிஞ்சிக்கொண்டு சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை அறைக்குள் விடும். முதலாம் வருடத்தில் தாள் ஊதா நிறமானது. இரண்டாம் வருடம் ஒரு காலையில் கண்ணாடியே வெடித்தது. வெடிப்பு சட்டத்தின் விளிம்பிலிருந்து செங்குத்தாகத் தொடங்கிப் பிறகு வளைந்து போயிருந்தது. நடுப்பகுதி வெயிலில் கொதித்து விரிய, சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்பு குளிர்ந்தபடியே இருக்க, அந்த இழுவையைத் தாங்காமல் கண்ணாடி விளிம்பில் பிளப்பது இப்படித்தான் தெரியும். நல்ல ஒட்டுத்தாள்களும் உண்டு, அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கும் எண் உண்டு. எண்ணைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் காட்டி விற்கிற தாளை வாங்காதீர்கள்.

இனி எங்கள் ஊருக்கே உரிய ஒரு விடயம். வெள்ளிப் பூச்சுக்குக் கடற்காற்று கூடாது. ஈரமும் உப்பும் பட்டால் வெள்ளி அரிக்கப்பட்டுப் புள்ளி புள்ளியாகிவிடும். ஆகவே இந்தப் பூச்சை ஒற்றைக் கண்ணாடியில் வெளியே தெரியும்படி விடமாட்டார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, பூச்சு உட்புறமாக இருக்கும்படி வைத்து, சுற்றிவர இறுக்கமாக சீல் செய்வார்கள். இதோ, இரண்டு கண்ணாடிக்கும் இடையில் ஓடுகிற இந்த அலுமினியப் பட்டையைப் பாருங்கள். இதனுள் ஈரத்தை உறிஞ்சும் சிறுமணிகள் இருக்கின்றன. விளிம்போரத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சீல் போட வேண்டும். இல்லாவிட்டால் அரிப்பு விளிம்பில் தொடங்கி உள்ளே ஊர்ந்து வரும். சட்டத்தில் பொருத்த முன்னர் அந்த விளிம்பைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். பொருத்திய பிறகு இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி படிந்தாற்போல் மங்கல் தெரிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். துடைத்து எடுக்க வழியில்லை.

ஒற்றைக் கண்ணாடிதான் போட முடியும் என்பவர்களுக்கு வன்பூச்சு என்ற வகை இருக்கிறது. கண்ணாடித் தகட்டை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. இன்று உலகம் முழுவதும் அந்த முறைதான். அப்படி மிதந்து வருகிற கண்ணாடி 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும்போதே அதன்மேல் படியவைக்கிற பூச்சுத்தான் வன்பூச்சு. அது கண்ணாடியோடு ஒன்றிப்போவதால் எளிதில் உரியாது. வெப்பத் தடுப்பில் வெள்ளிக்கு ஈடாகாது என்றாலும் ஒற்றைக் கண்ணாடியில் நிற்கும். பூச்சுப் பக்கம் அறைக்குள் இருக்கும்படி பொருத்த வேண்டும்.

புறஊதாக் கதிர்கள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். சாதாரணக் கண்ணாடி, தோலைச் சிவக்கச் சுடுகிற புறஊதா-பி வகையைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. தோலை மெல்ல மெல்லச் சுருங்கவைக்கிற புறஊதா-ஏ வகையை அது பெருமளவு உள்ளே விடுகிறது. அமெரிக்காவில் 28 வருடங்கள் லொறி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழ் 2012இல் வெளியிட்டது. கண்ணாடிப் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கிப் போயிருந்தது. வெள்ளிப் பூச்சு இந்தக் கதிர்களை ஓரளவுதான் குறைக்கும். முழுமையாகத் தடுக்க வேண்டுமானால் லமினேற்றட் கண்ணாடி கேளுங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற மெல்லிய படலத்தை வைத்து ஒட்டிய கண்ணாடி அது. வாகனங்களின் முன்கண்ணாடியும் அதுதான். அந்தப் படலம் புறஊதாவில் 99 வீதத்தை நிறுத்திவிடும்.

இருந்தாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. இதோ, இந்தச் சுவரில் அப்பாவின் படம் பதினொரு வருடங்களாகத் தொங்கியது. இப்போது கையில் எடுத்துக் காட்டுகிறேன். காலை வெயில் படுகிற இந்த இடது பாதியில் அவருடைய சட்டையின் நீலம் அழிந்து சாம்பலாகிவிட்டது. நிழலில் இருந்த வலது பாதியில் நீலம் அப்படியே இருக்கிறது. தோளின் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரிகிறது. நிறம் வெளுப்பதற்குப் புறஊதா பெரிய காரணம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் வெளுக்கச் செய்யும். புறஊதாவை முழுவதும் தடுத்தாலும் வெளுப்பு தாமதமாகுமே தவிர நிற்காது. ஆகவே படத்தை வெயில் படாத உட்சுவருக்கு மாற்றிவிட்டோம்.

சரி, அம்மாவின் கண்ணாடி ஏன் சுடுகிறது? இரட்டைக் கண்ணாடியின் முகங்களை வெளியிலிருந்து உள்ளே எண்ணுவார்கள். வெளிமுகம் ஒன்று, அதன் உட்புறம் இரண்டு, அடுத்த தகட்டின் முகங்கள் மூன்று, நான்கு. எங்களைப் போன்ற வெப்ப ஊர்களில் பூச்சு இரண்டாம் முகத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பூச்சு உறிஞ்சுகிற சிறு சூடும் வெளித்தகட்டிலேயே தங்கி வெளிக்காற்றோடு போகும். கண்ணாடியைத் திருப்பிப் பொருத்திவிட்டால் பூச்சு மூன்றாம் முகத்துக்கு வந்துவிடும். உள்தகடு சூடாகி அறைக்குள் வெப்பத்தை விடும். வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு லைட்டர் போதும். நேற்றிரவு மின்விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்த காட்சி இது. சுடரைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துச் சற்றுச் சாய்வாகப் பார்க்கிறேன். நான்கு சுடர்கள் வரிசையாகத் தெரிகின்றன, ஒரு முகத்துக்கு ஒன்று. மூன்று மஞ்சளாக இருக்க, ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிகிறது. அதுதான் பூச்சு உள்ள முகம். அறைக்குள் நின்று பார்க்கும்போது எனக்குக் கிட்ட இருப்பது நான்காம் முகம் என்பதால், நிறம் மாறிய சுடர் கிட்டவிருந்து மூன்றாவதாக இருக்க வேண்டும். பக்கத்து அறையில் அப்படித்தான் இருக்கிறது. அம்மாவின் அறையில் அது இரண்டாவதாக இருக்கிறது. பொருத்தியவர்கள் தலைகீழாக அல்ல, முன்பின்னாகத் திருப்பிப் பொருத்திவிட்டார்கள்.

இவ்வளவு செலவு செய்ய இயலாதவர்கள் மனம் சோர வேண்டாம். கிழக்கு யன்னலுக்கு மேலே போடுகிற தாழ்வாரம் தாழ்ந்து வருகிற காலை வெயிலைத் தடுக்காது. யன்னலுக்கு வெளியே தொங்கவிடுகிற கிடுகுத் தட்டி தடுக்கும். உள்ளே தொங்குகிற திரைச்சீலையை விட அது எவ்வளவோ மேல். திரைச்சீலையில் விழும்போது வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. தட்டியில் விழுகிற வெயில் வெளியிலேயே நிற்கிறது. வடக்கு யன்னலையும் மறந்துவிடாதீர்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் எங்கள் தலைக்கு நேரே வந்து, அதன் பிறகு ஆவணி வரைக்கும் நண்பகலில் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதங்களும் அவைதான். யன்னலைத் திறந்து வைத்தால் எந்தப் பூச்சும் வேலை செய்யாது. ஆகவே நாங்கள் பகலில் மூடி, இரவில் கடற்காற்றுக்குத் திறந்து விடுகிறோம்.

பொருத்தியவரிடம் லைட்டர் காட்சியைக் காட்டினேன். அவர் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். புதுக் கண்ணாடி தேவையில்லை. ஓரப் பட்டியையும் ரப்பரையும் கழற்றி, இதே கண்ணாடியைத் திருப்பி வைத்தால் போதும். வியாழக்கிழமை வருகிறார். வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அம்மாவையே இந்தக் கண்ணாடியில் கை வைத்துப் பார்க்கச் சொல்லி, அவர் சொல்வதை அப்படியே பதிவு செய்து போடுகிறேன்.