கரையில் அளக்க முடிந்ததே விதி

அவைத் தலைவர் அவர்களே, போட்டி அலுவலர்களே, படகோட்டும் நண்பர்களே, வணக்கம்.

பொழுதுபோக்காகப் படகு ஓட்டுவோர் கலந்துகொள்ளும் விசைப்படகு வேகப் போட்டிகளில் பிரிவுகளை எப்படி வகுத்தால் நியாயமாக இருக்கும் என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு கரையேறிய பிறகு, கையிலிருக்கும் கருவிகளைக் கொண்டு ஓர் அலுவலர் சோதித்துப் பார்க்க முடியாத எதையும் விதியாக எழுதக் கூடாது. "இயந்திரத்தின் திறனை முறையற்ற வகையில் கூட்டக் கூடாது" என்று எழுதிவைத்தால், அந்த வாக்கியம் நேர்மையானவரை மட்டுமே கட்டுப்படுத்தும். மற்றவரோ எது முறை, எது முறைகேடு என்று மாலை வரை வாதாடிக்கொண்டிருப்பார்.

இந்த விளையாட்டின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அமெரிக்க விசைப்படகுச் சங்கம் 1903-ல் தோன்றியது. மறு ஆண்டே தங்கக் கோப்பைப் போட்டி தொடங்கியது. 1917 முதல் 1921 வரை தொடர்ந்து ஐந்து முறை கார்ஃபீல்டு வுட் என்பவரே அதை வென்றார். 1920-ல் அவர் இறக்கிய 'மிஸ் அமெரிக்கா' படகில், முதல் உலகப் போர்க் காலத்து லிபர்ட்டி விமான இன்ஜின்கள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் பன்னிரண்டு சிலிண்டர்களும் ஏறத்தாழ 27 லிட்டர் கொள்ளளவும் கொண்டது. அதற்கு ஈடுகொடுக்க யாரால் முடியும்? 1921-க்குப் பிறகு சங்கம் இன்ஜின் கொள்ளளவை 625 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 10.2 லிட்டருக்கு, வரம்பிட்டது. கோப்பையின் வேகம் சட்டென்று இறங்கியது. வுட்டைக் குறிவைத்தே அந்த விதி வந்தது என்பாரும் உண்டு. அப்படியே இருந்தாலும் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது: சிலிண்டரின் விட்டத்தையும் பிஸ்டன் பயணிக்கும் நீளத்தையும் அளந்துவிட்டால், மிச்சம் கணக்குதான், வாதத்துக்கு இடமில்லை.

ஆயினும் கொள்ளளவு மட்டும் போதாது. ஒரே அளவுள்ள இரண்டு டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில், ஒன்றின் புகைபோக்கித் துளையைச் சற்று மேலே அரத்தால் தேய்த்துவிட்டால் அது வேறு மோட்டாராகிவிடும். ஆகவே அடிநிலைப் பிரிவுகளில் தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவம் மாறக் கூடாது என்பதும், அனுமதி என்று எழுதப்படாத மாற்றம் யாவும் தடை என்பதும் உலகெங்கும் பழக்கத்தில் உள்ள நெறிகள். எரிபொருளிலும் இதே கண்டிப்பு வேண்டும். மெத்தனால் இன்ஜினைக் குளிர்வித்து உயர்ந்த அழுத்தத்தைத் தாங்க வைப்பதால், பெட்ரோல் பிரிவில் அதைக் கலப்பது தெளிவான ஏமாற்று. படகின் அடிப்பகுதியையும் பிரித்தே வைக்க வேண்டும். இரண்டு பக்க மிதவைகளின் முனையையும் புரொப்பல்லரையும் மட்டும் நீரில் தொடவிட்டு, காற்றின் மேல் ஏறி ஓடும் ஹைட்ரோபிளேனை, அடிப்பகுதி நீரில் உரசிச் செல்லும் ரன்அபௌட்டோடு ஒரே மோட்டாரில் மோதவிடுவது போட்டியே ஆகாது.

இனி எடைக்கு வருகிறேன். சச்சரவு மிகுதியாக எழுவது இங்கேதான். ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள ஓட்டுநருக்கும் தொண்ணூறு கிலோ எடையுள்ளவருக்கும் ஒரே சிறு படகைக் கொடுத்தால், வளைவிலிருந்து வெளியேறி மீண்டும் வேகம் பிடிக்கும்போது யார் முந்துவார் என்பதைச் சொல்லவே வேண்டாம். எனவே படகு, மோட்டார், ஓட்டுநர் மூன்றும் சேர்ந்து இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று மொத்த எடையை நிர்ணயிப்பதே சரி. ஜப்பானில் 1952 முதல் நடந்துவரும் தொழில்முறைப் படகுப் பந்தயத்தில் ஓட்டுநருக்கே கீழ்வரம்பு உண்டு: ஆண்களுக்கு 52 கிலோ, பெண்களுக்கு 47 கிலோ, குறைந்தவர் எடை சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரம்பை எழுதுவது எளிது, நிறுப்பதுதான் கடினம். பந்தயம் முடிந்து கிரேன் பட்டையில் தொங்கும் படகுக்குள் தேங்கிய நீரும் தராசில் ஏறும். எனவே பின்பலகையிலுள்ள வடிகால் மூடியைத் திறந்து, சொட்டு நிற்கும் வரை காத்திருந்த பிறகே நிறுக்க வேண்டும். நனைந்த உயிர்காப்பு மேலாடை, தலைக்கவசம், மீந்த எரிபொருள் ஆகியவை கணக்கில் சேருமா என்பதை விதிப்புத்தகம் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். எடை குறைந்தால் ஈடுகட்டச் சேர்க்கும் ஈயக்கட்டி போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். படகு கவிழும்போது அது தெறித்துப் பறந்தால் ஆளையே கொல்லும். மாலையில் நிறுக்கப்போகும் அதே தராசைக் காலையில் எல்லாருக்கும் திறந்துவைக்க வேண்டும். தராசு இரண்டு கிலோ தவறாகக் காட்டினாலும், எல்லாருக்கும் ஒரே மாதிரி தவறினால் யாருக்கும் அநீதியில்லை.

இவ்வளவு செய்தும் முழுச் சமத்துவம் வந்துவிடாது. நான் சொன்ன ஜப்பானியப் பந்தயத்தில் மோட்டார்கள் எல்லாம் ஒரே வடிவமைப்பு. சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்கிறார்கள். அப்படியும் ஒவ்வொரு மோட்டாரின் வெற்றி விகிதத்தைத் தனித்தனியே வெளியிடுகிறார்கள், ஏனென்றால் ஒன்று நன்றாக இழுக்கிறது, மற்றொன்று இழுப்பதில்லை. புரொப்பல்லர் விஷயத்தில் நான் சற்றுத் தாராளம் காட்டுவேன். இலைகளின் எண்ணிக்கையையும் உலோகத்தையும் வரையறுத்துவிட்டு, விளிம்பைத் தட்டி வளைக்கும் கைவேலையை விட்டுவிடலாம். பணத்தைவிடப் பொறுமைக்குப் பலன் தரும் வேலை அது.

நேர்க்கோட்டு வேகப் போட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜிபிஎஸ் கருவி ஒரு கணம் காட்டிய உச்ச எண்ணை முடிவாக ஏற்றால், பின்காற்றும் நீரோட்டமும் பரிசு வாங்கிக்கொண்டு போய்விடும். அளந்த ஒரு கிலோமீட்டரை இரு திசையிலும் ஓடச்செய்து சராசரி எடுக்கும் பழைய முறையே மேல். 1978-ல் ஆஸ்திரேலியாவின் கென் வார்பி, தம் வீட்டுக் கொல்லையில் கட்டிய படகில் மணிக்கு 511 கிலோமீட்டரைத் தொட்டபோதும் இரு திசைச் சராசரிதான் கணக்கில் கொள்ளப்பட்டது.

கடைசியாக, சோதனைச் செலவு. வென்றவரின் மோட்டாரை மட்டும் கழற்றிப் பார்ப்பது வழக்கமாக இருக்கிறது. அவரோடு, பின்னால் வந்தவர்களில் ஒருவரையும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து சோதிக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. ஒருவர் இன்னொருவர் மீது புகார் கொடுத்து, கழற்றிப் பார்த்ததில் குற்றம் ஏதும் இல்லையென்றால், கழற்றியதால் மாற்ற வேண்டிய கேஸ்கெட்டுகளின் (இன்ஜின் பாகங்களுக்கிடையே கசிவைத் தடுக்கும் தகடுகளின்) விலையையும் மீண்டும் பூட்டும் கூலியையும் புகார் கொடுத்தவரே ஏற்க வேண்டும்; அந்தத் தொகையை முன்பணமாகப் பெற்றுக்கொண்ட பிறகே அலுவலர் ஸ்பேனரைக் கையில் எடுக்கலாம்.