வழக்குகள் கூடினால் போதைப் பழக்கமும் கூடிவிட்டது என்று அர்த்தமா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "போதைப்பொருள் வழக்குகள் ஒரே வருடத்தில் இரண்டு மடங்கு என்று செய்தியில் சொல்கிறார்கள். அப்படியென்றால் பழக்கமும் இரண்டு மடங்கா? எத்தனை பேர் என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?"

முதல் கேள்விக்குப் பதில்: அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மாவட்டத்தில் தனிப்படை அமைத்துத் தேடினாலே, புதிதாக ஒருவர்கூடப் பழகாமல் வழக்குகள் ஏறிவிடும். பிடிபட்ட சரக்கும் அப்படித்தான். 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் சிக்கியது. அதை வைத்து குஜராத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லவே முடியாது.

சரி, வீடு வீடாகப் போய்க் கேட்டால்? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பில், இரண்டு லட்சம் வீடுகளுக்குப் போய் 4.7 லட்சம் பேரிடம் பேசினார்கள். குடிப்பழக்கத்துக்கு இது ஓரளவு சரிப்படும். ஹெராயினுக்குச் சரிப்படாது. உள்ளே அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, எந்தப் பையன் வாசலில் நின்று "ஆமாம், ஊசி போடுகிறேன்" என்பான்? பாலத்தடியில் படுத்திருப்பவரும் சிறையில் இருப்பவரும் வீட்டுப் பட்டியலில் வரவே மாட்டார்கள்.

அதனால் அந்தக் குழு இன்னொரு வழியையும் சேர்த்துக்கொண்டது. பழக்கத்தில் சிக்கிய ஒருவரிடம் பேசி, அவர் மூலமாக அவருடைய கூட்டாளிகள், அவர்கள் மூலமாக இன்னும் சிலர் என்று 72,000-க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தார்கள். இந்த மாதிரி ஆய்வில் முக்கியமான கேள்வி, "போன வருடம் சிகிச்சைக்குப் போனீர்களா?" என்பதுதான். ஓர் ஊரின் சிகிச்சை மையப் பதிவேட்டில் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். வெளியே சந்தித்தவர்களில் பத்தில் ஒருவர் போனதாகச் சொன்னால், ஊரில் மொத்தம் சுமார் 4,000 பேர்.

இதிலும் ஓட்டை உண்டு. நம் கண்ணில் எளிதாகப் படுகிறவர்கள், மையத்துக்கும் எளிதாகப் போகிறவர்களாக இருக்கலாம். அப்போது பத்தில் ஒருவர் என்பது ஐந்தில் ஒருவராகத் தெரியும், 4,000 என்பது 2,000 ஆகச் சுருங்கிவிடும். தவறு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிவதே பெரிய உதவி. அந்தக் கணக்கெடுப்பு, 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 2.1 சதவீதம் பேர், அதாவது சுமார் 2.26 கோடி பேர், அபின், ஹெராயின், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு வகைகளைப் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது.

யாரையும் கேட்காமலே அளக்கும் வழியும் இருக்கிறது. 2005-இல் இத்தாலியில் போ ஆற்று நீரை ஆராய்ந்து, கொகைன் உடம்பில் சிதைந்து சிறுநீரில் வரும் எச்சத்தை அளந்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ கொகைனுக்குச் சமம் என்று வந்தது, அரசு மதிப்பீட்டைவிட மிக அதிகம். தண்ணீர் பொய் சொல்லாது. ஆனால் அது அளவைச் சொல்லுமே தவிர, ஆள் கணக்கைச் சொல்லாது. தினமும் நாலு தடவை எடுக்கும் ஒருவரும், ஒரே ஒரு தடவை எடுக்கும் நாலு பேரும் அதில் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2004-இல் வந்த பழைய தேசிய ஆய்வின் வீட்டுக் கணக்கெடுப்பில் 12 முதல் 60 வயது வரை உள்ள ஆண்களை மட்டுமே கேட்டார்கள். அதை 2019 எண்ணோடு கழித்துப் பார்த்து "இவ்வளவு வளர்ந்துவிட்டது" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. படுக்கை எத்தனை, மாத்திரை எவ்வளவு, ஆலோசகர் எத்தனை பேர் என்பதெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான் ஒதுக்கப்படுகின்றன. அதே 2019 அறிக்கைப்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது.