பெயர் தெரியாத ஒரு கப்பல் தலைவரை ஏன் ஆளுநராக அனுப்பினார்கள்?

வணக்கம். நேயர் ஒருவர், “புகழ்பெற்ற தளபதிகள் எத்தனையோ பேர் இருக்க, ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் முதல் ஆளுநராக ஆர்தர் பிலிப்பை பிரிட்டன் ஏன் அனுப்பியது? அந்தத் தேர்வு சரிதானா?” என்று கேட்டிருக்கிறார்.

இந்த ஐயம் அன்றைக்கே எழுந்ததுதான். 1786-இல் உள்துறைச் செயலராக இருந்த சிட்னி பிரபு பிலிப்பைத் தேர்ந்தெடுத்தபோது, கடற்படைத் தலைமையில் இருந்த ஹோவ் பிரபு, பிலிப்பைப் பற்றித் தமக்குத் தெரிந்த சிறிதளவை வைத்துப் பார்த்தால் இவ்வளவு சிக்கலான பணிக்கு அவரைத் தாம் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார் என்றே எழுதினார். பெரிய போர் வெற்றி எதுவும் பிலிப்பின் பெயரில் இல்லை. ஆனால் அவர் இங்கிலாந்தின் லிண்ட்ஹர்ஸ்டில் நிலம் வைத்து விவசாயம் பார்த்தவர். போர்ச்சுகல் கடற்படையில் சேர்ந்து தென் அமெரிக்கக் கரையோரம் பணியாற்றியவர். பல மொழிகள் அறிந்தவர். குடியேற்றத்துக்காகப் பிரிட்டனிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட கைதிகளை ஏற்றிக்கொண்டு பதினொரு கப்பல்கள், வயல் ஒன்றுகூட இல்லாத ஒரு கரைக்குப் போகும்போது, போர்க்களத்தில் பெற்ற பெயரைவிட விளைச்சலையும் கையிருப்பையும் கணக்குப் பார்க்கத் தெரிந்த அறிவுதான் முதலில் வேண்டியிருந்தது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கான சோதனை 1790-இல் வந்தது. விளைச்சல் போதவில்லை; மார்ச் மாதத்தில் குடியேற்றத்தின் ‘சிரியஸ்’ கப்பல் நார்ஃபோக் தீவருகே பாறையில் மோதி அழிந்தது. ஒரு வாரத்துக்கு ஒருவருக்கு இரண்டரை பவுண்டு மாவு, இரண்டு பவுண்டு அரிசி, இரண்டு பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி என்ற அளவுக்கு ரேஷன் சுருங்கியபோது, பிலிப் தமக்கென வைத்திருந்த மாவைப் பொதுக் கிடங்கில் சேர்த்துவிட்டு, கைதிக்குக் கிடைத்த அதே பங்கைத் தாமும் பெற்றுக்கொண்டார். ஆளுநர் மாளிகை விருந்துக்கு வந்த அதிகாரிகள்கூடத் தங்கள் ரொட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தட்டின் அருகே வைத்துக்கொண்டு உண்டார்கள். அந்த மேசையை நினைக்கும்போதெல்லாம் ஹோவ் பிரபுவின் ஐயத்துக்குப் பதில் கிடைத்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால், அந்த மண்ணுக்கு உரிய மக்களுக்கு எவர் பொருத்தமானவர் என்று லண்டனில் யாரும் கேட்கவில்லை. இதை விட்டுவிட்டுப் பிலிப்பைப் புகழ்வது நேர்மையாகாது. 1790 செப்டம்பரில் சிட்னி அருகே மான்லியில் பூர்வகுடியினர் ஒருவரின் ஈட்டி தம் தோளில் பாய்ந்தபோது பழிவாங்கக் கூடாது என்று தடுத்த அதே மனிதர்தான், அதற்கு முந்தைய ஆண்டில் பெனலாங் என்ற பூர்வகுடியினரைப் பிடித்து வரச் செய்தவர். 1790 டிசம்பரில், தம் வேட்டைக்காரர் தாக்கப்பட்டதும், பூர்வகுடியினரைத் தண்டிக்கப் படையையும் அனுப்பினார்.

பிற்பாடு நடந்த ஒரு தேர்வையும் சொல்ல வேண்டும். இயற்கை அறிவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் பரிந்துரையால் 1806-இல், நியூ சவுத் வேல்ஸ் என்ற அதே குடியேற்றத்துக்கு வில்லியம் பிளை ஆளுநராக வந்தார். 1789-இல் ‘பவுண்டி’ கப்பலில் தம் மாலுமிகளின் கலகத்தைச் சந்தித்த அதே பிளைதான். ரம் வணிகத்தைக் கையில் வைத்திருந்த நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் அதிகாரிகளை அடக்கக் கண்டிப்பான ஒருவர் தேவை என்று கருதினார்கள். கண்டிப்பு அவரிடம் இருந்தது. ஆனால் அவர் கட்டளையை நிறைவேற்ற வேண்டிய துப்பாக்கிகள் அனைத்தும் அந்த அதிகாரிகளின் கையிலேயே இருந்தன. 1808 ஜனவரி 26 அன்று அவர்களே மாளிகைக்கு அணிவகுத்து வந்து அவரைக் காவலில் வைத்தார்கள். அடுத்த ஆளுநர் மக்குவாரி 1810-இல் பதவியேற்றபோது, அவருடன் அவருடைய சொந்தப் படைப்பிரிவான 73-ஆவது ரெஜிமென்டும் வந்திறங்கியிருந்தது.