ஐந்தாவது ஊருக்கு யார் காசு கொடுப்பது?

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "நாடகம் தயார், சென்னையில் ஷோவும் ஆச்சு. அதை மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி என்று கொண்டுபோக எங்கே நிதி கிடைக்கும்?" இன்றைக்கு அதைப் பற்றித்தான். காசுக் கணக்கு கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் நாடகத்துக்கென்று பணம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. மத்திய கலாசார அமைச்சகத்தின் குரு-சிஷ்ய பரம்பரைத் திட்டம், நாம் ரெபர்ட்டரி கிராண்ட் என்கிறோமே, அது குருவுக்கும் நடிகர்களுக்கும் மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. அதில் வீட்டுக்கு அரிசி வாங்கலாம், வேனுக்கு டீசல் போட முடியாது. பெங்களூரில் இருக்கிற இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் ஆய்வுக்கும் புதிய படைப்புக்கும் தருகிறது. தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம் குழுக்களை வெளிமாநிலங்களுக்கு அனுப்புகிறது, ஆனால் அங்கே நீங்கள் போவது அவர்களுடைய விழாவுக்கு. உங்கள் நாடகம் உங்கள் பாதையில் ஐந்து ஊர் போய்வர வேண்டும் என்றால், அதற்கென்று ஒரு விண்ணப்பப் படிவம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

உண்மையான டூர் ஃபண்ட் என்று ஒன்று நம்மிடம் இருந்தது. யாரும் அதை அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. ரயில்வே சலுகை! நிகழ்ச்சிக்குப் போகிற கலைஞர்களுக்கு ஸ்லீப்பரில் 75 சதவீதம் கட்டணக் குறைப்பு. கடிதம் கொடுத்து, முத்திரை வாங்கி, கவுண்டரில் நின்று எடுக்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் கிடைத்தது. 2020 மார்ச்சில் கொரோனாவை ஒட்டிச் சலுகைகளை நிறுத்தியபோது நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், மாணவர்கள் ஆகியோருக்கு மட்டும் விட்டு வைத்தார்கள். கலைஞர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மூத்த குடிமக்கள் சலுகை போனதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, பார்லிமென்டில் கேள்வி கேட்டார்கள். நம் சலுகை போனதற்கு நம் ஆட்களே பெரிதாகச் சத்தம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

சரி, இப்போது வேன் கணக்கைப் பார்ப்போம். பத்துப் பேர் கொண்ட குழு, ஒரு டெம்போ டிராவலர். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று டிராவல்ஸ்காரர் சொல்வார், நாமும் மேப்பைப் பார்த்துத் தூரத்தைப் பெருக்கி பட்ஜெட் எழுதிவிடுவோம். அங்கேதான் மாட்டிக்கொள்வோம். வெளியூர் வண்டிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கிலோமீட்டர் என்று பில் போடுவார்கள். கோவில்பட்டியில் ஷோ அன்றைக்கு வண்டி மண்டபத்து வேப்பமரத்தடியில் சும்மா நின்றாலும் அந்த 250க்குப் பணம் உண்டு, டிரைவர் பேட்டா தனி. அதாவது தூரத்தைவிட இடைவெளி நாள்தான் ஆளை முழுங்கும். வெள்ளிக்கிழமை மதுரை, அடுத்த வெள்ளி நெல்லை என்று தேதி வாங்கினால் முடிந்தது கதை. மூன்று ஊரை மூன்று அடுத்தடுத்த நாளில் கோத்தால்தான் கட்டுப்படியாகும்.

இல்லையென்றால் ரயில். ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ சாமான் இலவசம். பத்துப் பேர் என்றால் 400 கிலோ, ஒரு சின்ன நாடகத்துக்கு இது தாராளம். ஆனால் பெட்டி சீட்டுக்கு அடியில் போக வேண்டும். எட்டடி மூங்கிலைத் தூக்கிக்கொண்டு ஏறினால் டிடிஇ விடமாட்டார், பார்சலில் போட வேண்டியதுதான். அதனால் செட் டிசைன் செய்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: மூன்றடிக்கு மேல் எந்தத் துண்டும் வேண்டாம், நீளம் வேண்டுமென்றால் அந்த ஊரில் மூட்டிக்கொள்ளலாம்.

இதெல்லாம் சிக்கனம். சிக்கனம் வேறு, நிதி வேறு. நிதி யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். டூர் பணத்தைக் குழுவிடம் கொடுக்கக் கூடாது. கூப்பிடுகிற ஊரிடம் கொடுக்க வேண்டும்.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறதே, அந்தக் கூத்துக்கு யார் பணம்? ஊர்ப் பணம். தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று போட்டு வசூலித்து, ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, முன்பணம் கொடுத்துப் பேசி முடிக்கிறார்கள். ஜமா அடுத்த ஊருக்குப் போவது அடுத்த ஊர் கூப்பிட்டதால். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது நடிகர்களைத் தனித்தனியாகப் பேசிக் கூட்டுகிற நாடகத்தில், இன்னும் சுத்தம். வள்ளி திருமணத்துக்கு ராஜபார்ட் (நாயகன் வேடக்காரர்) ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (நாயகி வேடக்காரர்) இன்னொரு ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது, நேரே மேடையில் சந்திப்பு. விழாக் கமிட்டி தருகிற சம்பளத்தில் அவரவர் பஸ் செலவும் அடக்கம். ஒரு ரூபாய் கிராண்ட் இல்லாமல் இந்தச் சக்கரம் சுற்றுகிறது. நவீன நாடகக்காரர்களான நம்மை எந்த ஊரும் கூப்பிடுவதில்லை. நாமாகக் கிளம்பிப் போய், நாமே மண்டபம் பிடித்து, நாமே போஸ்டர் ஒட்டி, நாமே உட்கார்ந்து பார்க்கிறோம்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கர்நாடகத்தில் சாகர் பக்கத்தில் ஹெக்கோடு என்று ஒரு சின்ன கிராமம், அங்கே நீநாசம் என்ற நாடக அமைப்பு. 1949இல் தொடங்கியது. கே.வி. சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்ததே, அவர் வளர்த்த இடம். 1985இல் 'திருகாட்டா' என்ற ஊர் ஊராகப் போகிற நாடகக் குழுவை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று நாடகங்களைத் தயார் செய்துகொண்டு மாநிலம் முழுக்கக் கிளம்பிவிடுவார்கள். அங்கங்கே இருக்கிற சங்கங்கள், கல்லூரிகள் அழைத்து நடத்துகின்றன. இத்தனை வருடமாக அது ஓடுவதற்கு ஹெக்கோட்டில் இருக்கிற திறமை பாதிக் காரணம். மீதிக் காரணம் கூப்பிடுவதற்கு ஆட்கள் இருக்கிற அந்த ஊர்கள்.

ஸ்வீடனில் ரிக்ஸ்டியேட்டர்ன் என்ற நாடக அமைப்பு 1933இலிருந்து இதைத்தான் செய்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்ச் சங்கங்கள், எந்த நாடகம் தங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் நேஷனல் டான்ஸ் ப்ராஜெக்ட் என்று ஒன்று, அழைக்கிற அரங்கத்துக்கே மானியம் கொடுத்துக் கலைஞர் சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்கிறது. பாதியளவு வரை தருவார்கள், மிச்சத்தை அரங்கம் போட வேண்டும். தன் காசும் உள்ளே இருந்தால்தான் அரங்கக்காரர் டிக்கெட் விற்கத் தெருவில் இறங்குவார். ஆஸ்திரேலியாவின் ப்ளேயிங் ஆஸ்திரேலியா வேறு வழி. பயணம், சரக்கு, தங்குமிடம் என்று ஊர் தூரமாக இருப்பதால் வருகிற செலவை அரசு ஏற்கிறது. தூரத்து ஊர்க்காரர் தூரத்துக்காகக் கூடுதலாக அழ வேண்டியதில்லை.

நம் அரசு விழாக்களில் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான கலைஞர்களைக் கூட்டுவதற்குச் செலவழிக்கிறோம். அதில் ஒரு சிறு பகுதியை, கரிசல் காட்டில் இருக்கிற ஒரு நூலக வாசகர் வட்டத்துக்கோ ஒரு கல்லூரித் தமிழ்த் துறைக்கோ "வருடத்துக்கு மூன்று நாடகம் கூப்பிடு, பாதி நாங்கள் தருகிறோம்" என்று கொடுத்துப் பார்க்கலாம்.

நடுவில் ஒரு ஜிஎஸ்டி சங்கதி. நாட்டார் கலை, செவ்வியல் கலை நிகழ்த்துகிற கலைஞருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு வரிவிலக்கு உண்டு. நவீன நாடகம் இரண்டிலும் சேர்த்தி இல்லை. டிக்கெட் 500 ரூபாய்க்குள் இருந்தால் நுழைவுக் கட்டணத்துக்கு விலக்கு இருக்கிறது, நம் டிக்கெட் என்றைக்கு 500ஐத் தாண்டியிருக்கிறது!

சரி, ஊர்களுக்கு அப்படிப் பணம் வரும்வரை என்ன செய்வது? நாடகத்தை உருவாக்குவதற்கான நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே மூன்று ஊர் ஷோவையும் அதே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள், தனி வரியாக. அப்புறம், ஊரில் கூப்பிடுகிறவரிடம் காசு இல்லையென்றால் சாப்பாடு, படுக்க இடம், சவுண்ட் சர்வீஸ் இந்த மூன்றையும் கேளுங்கள். பாதிச் செலவு அதில் குறைந்துவிடும். கூச்சப்படாதீர்கள், கேட்டால் செய்கிறார்கள்.

பார்ப்பவர்களில் யாருடைய ஊரிலாவது சும்மா கிடக்கிற மண்டபம் இருந்தால் கமெண்டில் போடுங்கள். மேடை அகலம் எத்தனை அடி, த்ரீ ஃபேஸ் கரண்ட் இருக்கிறதா, ஃபேனை நிறுத்தினால் மக்கள் உட்காருவார்களா, வாடகை யாரிடம் பேச வேண்டும். ஊர்வாரியாகத் தொகுத்து, ஒரே ரூட்டில் வருகிற மண்டபங்களை வைத்து அடுத்த வீடியோ போடுகிறேன்.