வாசலில் ஏழு படிகள்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் நான் தங்கியிருந்த முதல் மாதம் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கே பார்த்தாலும் சக்கர நாற்காலியில் மனிதர்கள். பேருந்தில், கடைத்தெருவில், பூங்காவில். பலர் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் ஏன் இத்தனை பேருக்கு நடக்க முடியவில்லை, ஏதாவது நோயா, பழைய போரா என்றுகூட யோசித்தேன்.

ஒரு நாள் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது, வந்த பேருந்து நடைபாதைப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து தாழ்ந்தது. ஒரு பலகை வெளியே நீண்டது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண் அதன்மேல் ஏறி உள்ளே போனார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் என் நாட்டிலும் அவர்கள் இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து அந்தத் தெருக்களில்தான் நடந்திருக்கிறேன். அங்கே யாரைக் காணோம் என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

வெளிநாடு போவது ஒருவருக்கு என்ன செய்யும் என்று கேட்டால், நான் முதலில் இதைத்தான் சொல்வேன். சொந்த நாட்டில் 'அது அப்படித்தான்' என்று விட்டுவைத்திருந்த பல விஷயங்கள் யாரோ எடுத்த முடிவுகள் என்று தெரிய வரும். மழை பெய்வதை யாரும் முடிவு செய்யவில்லை. ஒரு கட்டடத்தின் வாசலில் படி வைத்ததை ஒருவர் முடிவு செய்தார். ஒருவர் வரைந்தார், ஒருவர் கையெழுத்துப் போட்டார். வேறு மாதிரியும் செய்திருக்கலாம்.

நல்ல விஷயங்களும் இதேபோலத்தான் கண்ணில் படும். அங்கே எனக்கு நான்கு நாள் காய்ச்சல். கதவை யாரும் தட்டவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது அவர்களுடைய மரியாதை. சொந்த ஊரில் கேட்காமலே உள்ளே வந்து, 'என்ன ஆச்சு, ஏன் இன்னும் டாக்டரிடம் போகவில்லை' என்று அதட்டும் பக்கத்து வீட்டுக்காரரை எத்தனை முறை தொந்தரவு என்று நினைத்திருக்கிறேன்! நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எனக்கு அது அந்த நான்கு நாளில் தெரிந்தது.

ஆனால் இந்த ஏக்கத்தை முழுக்க நம்பிவிடவும் கூடாது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்கிறோம் அல்லவா? அக்கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இக்கரை அதைவிடப் பச்சையாகத் தெரியும். 'கலாச்சார அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1950களிலேயே இதை விவரித்திருக்கிறார். அந்நிய மண்ணில் தடுமாறும்போது மனம் சொந்த நாட்டைத் தூக்கிவைத்துக் கொண்டாடும், அங்கே பட்ட கஷ்டமெல்லாம் மறந்துபோகும், ஒரு முறை ஊருக்குப் போய் வந்தால்தான் தெளியும் என்கிறார். இன்னும் பின்னால் போனால், 1688-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவ மாணவர், தாய்நாட்டை விட்டுப் பிரிந்த ஸ்விஸ் மக்களின் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதிவைத்தார். நாஸ்டால்ஜியா என்ற பெயர் அவர் சூட்டியதுதான். 'திரும்புதல்', 'வலி' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உண்டாக்கினார்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. சில வாரம் சுற்றிப் பார்க்கப் போனவர் அந்த நாட்டின் முன்வாசலை மட்டும் பார்க்கிறார். சொந்த நாட்டின் கொல்லைப்புறம் வரை அவருக்குத் தெரியும். அவர்களுடைய வாசலையும் நம் கொல்லையையும் ஒப்பிட்டுவிட்டு, நம் நாடு உருப்படாது என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

சரி, திரும்பி வந்த பிறகு? கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் தங்கித் திரும்பிய 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்து லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மெல்ல ஒரு தெளிவு என்று அவர்கள் மனநிலை போனதாகச் சொன்னார். 1963-ல் வேறு இருவர் அந்த ஏற்ற இறக்கத்தை இன்னும் நீட்டினார்கள். வீடு திரும்பியதும் அதே சரிவு இன்னொரு முறை வரும் என்றார்கள். அந்நிய நாட்டில் தடுமாறுவோம் என்று எதிர்பார்த்துத்தான் போகிறோம். சொந்த வீட்டு வாசலில் தடுமாறுவோம் என்று யாரும் நினைப்பதில்லை.

த்சுடா உமேகோவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1871 டிசம்பரில் ஜப்பானிய அரசு இவாகுரா தூதுக்குழுவை மேற்கு நாடுகளுக்கு அனுப்பியது. அதோடு அமெரிக்காவில் படிக்க ஐந்து சிறுமிகளையும் கப்பலேற்றியது. அவர்களில் மிகச் சிறியவர் உமேகோ. ஏழு வயது நிறையவில்லை. வாஷிங்டனில் ஓர் அமெரிக்கத் தம்பதியிடம் வளர்ந்து 1882-ல் அவர் திரும்பியபோது தாய்மொழி மறந்துபோயிருந்தது. சொந்த மொழியை அந்நிய மொழிபோல மறுபடி படிக்க வேண்டியிருந்தது. அனுப்பிவைத்த அரசிடம், படித்து வந்த பெண்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்ற திட்டமும் இல்லை. தன் நாட்டுப் பெண்களின் நிலை அவரை வருத்தியது. 1889-ல் மறுபடி அமெரிக்கா போய்ப் படித்தார். அங்கேயே இருந்துவிடாமல் 1892-ல் திரும்பினார். 1900-ல் பத்து மாணவிகளோடு பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அது இன்று பல்கலைக்கழகம். 2024-ல் வெளிவந்த 5000 யென் தாளில் அவர் முகம் இருக்கிறது. என் மனம் அந்த முகத்தைவிட, 1882-க்கும் 1900-க்கும் நடுவில் இருக்கும் 18 வருடங்களையே சுற்றிச் சுற்றி வருகிறது. பார்த்துவிட்ட ஒன்றைச் செய்து முடிக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வீடு காத்திருப்பதும் இல்லை. அம்பேத்கர் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு லண்டன். தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே அங்கிருந்த காலத்தில் மனதைவிட்டுப் போய்விட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1917-ல் பரோடா அரசில் வேலை ஏற்க வந்து ரயில் நிலையத்தில் இறங்கினால், முதல் கேள்வியே எங்கே தங்குவது என்பதுதான். பெயரை மாற்றிக்கொண்டு ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினொன்றாம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. அன்று அந்த ஊரில் அவருக்கு ஒரு கூரை கிடைக்கவில்லை. பம்பாய் ரயில் கிளம்பும்வரை ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது 26. இன்னொரு வாழ்க்கை நடைமுறையில் இருக்கிறது, அதில் தானே வாழ்ந்தும் பார்த்தாயிற்று என்று தெரிந்த ஒருவர் அந்தத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவர்களோடு ஒப்பிட என் அனுபவம் மிகச் சிறியது. ஆனாலும் சொல்கிறேன். திரும்பி வந்த முதல் சில வாரங்களில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மூன்று மாதத்தில் கண் பழகிவிட்டது. படிகள் மறுபடி வெறும் படிகளாகிவிட்டன. நல்லவேளை, முதல் வாரத்திலேயே ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தேன். அதன் முதல் வரி: 'நூலக வாசலில் ஏழு படிகள்.' நண்பர்களே, வெளிநாடு போய் வரும் உங்களில் யாருக்காவது நான் ஒரு யோசனை சொல்லலாம் என்றால், அந்த முதல் வாரத்தில் எழுதிவையுங்கள்.

அந்தப் படிகளைப் பற்றி ஊர்க்காரர்களிடம் முதலில் பேசியபோது, 'அங்கெல்லாம் எப்படி வைத்திருக்கிறார்கள் தெரியுமா' என்றுதான் ஆரம்பித்தேன். 'அவ்வளவு பிடித்திருந்தால் அங்கேயே இருந்திருக்கலாமே' என்று பதில் வந்தது. எனக்கு வலித்தது. பிறகு யோசித்தால், நான் பேசியதும் அவர்களுக்கு வலித்திருக்கும். அப்புறம் 'அங்கே' என்ற சொல்லையே விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவியைப் பற்றி மட்டும் பேசினேன். புத்தகம் வேண்டுமென்றால் அவளுடைய தம்பிதான் போய் எடுத்து வருவான். அலமாரியில் கைவைத்து அவளே ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததில்லை. இதைச் சொன்னதும் மூன்று பேர் கூட வந்தார்கள். மனு கொடுத்தோம், திரும்பத் திரும்பப் போய்க் கேட்டோம். போன மாதம் வாசலின் பக்கவாட்டில் ஒரு சாய்வுதளம் கட்டி முடித்திருக்கிறார்கள். கைப்பிடி இன்னும் போடவில்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறோம், அவளும் எங்களோடு வருகிறாள்.