மார்ச் மாதத்து ஊற்று ஓடை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்ச் மாதக் காலைப்பொழுது. வயல்களில் பனி கிடக்கிறது. தூண்டில் கோலின் வளையங்களில் நீர் உறைந்து நிற்கிறது. ஆனால் வயலோரச் சிற்றோடையில் மட்டும் ஆவி பறக்கிறது; கரையில் நீர்க்கீரை பச்சைப்பசேலென்று தழைத்திருக்கிறது.

மார்கழி விடியலில் நம் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்குமே, அதே காரணம்தான். மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள டிரிஃப்ட்லெஸ் பகுதியைக் கடைசிப் பனியுகத்தின் பனிப்பாறைகள் மூடவில்லை. அங்குள்ள குன்றுகளில் பெய்யும் மழை பாறை வெடிப்புகளில் இறங்கி, அடிவாரத்தில் ஊற்றாகப் புறப்படுகிறது. ஊற்றுக்கண்ணில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த, தெளிந்த நீரில் வாழும் டிரௌட் மீனுக்குக் கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு.

புதிதாக மீன் பிடிக்க வருகிறவர்கள் நல்ல வெயில் நாளாகப் பார்த்து வருகிறார்கள். வயலில் பனி கிடக்கும்போது அது தவறான கணக்கு. வெயில் ஏறினால் பனி உருகி, சேற்றோடு சில்லென்று ஓடையில் கலக்கும். மீன் அடிமட்டத்தில் ஒடுங்கிவிடும். மண்ணுக்குள் இறங்கி வரும் நீர் ஓடையை வாழவைக்கிறது, மண்ணின் மேல் ஓடிவரும் நீர் கெடுக்கிறது.

இதை அறிய கூன் வேலி என்ற பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். செங்குத்தான சரிவுகளை உழுதும் மாடுகளை மேயவிட்டும் அந்த மண் அரித்துப்போய், வெள்ளம் ஓடைகளைச் சேற்றால் மூடியது. 1933இல் அமெரிக்காவின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதி மண்காப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. இயற்கைப் பாதுகாப்பு அறிஞர் ஆல்டோ லியோபோல்டு அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர். உழவர்கள் சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக உழுதார்கள். மேட்டுக் காடுகளில் மாடு புகாமல் வேலி போட்டார்கள். மழை மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. இன்று அங்குள்ள டிம்பர் கூலி ஓடையில் டிரௌட் தானாகவே இனம்பெருக்குகிறது. அந்த உழவர்களை நினைக்காமல் நான் அங்கே தூண்டில் வீசியதில்லை.

மேகமூட்டமான நாளில், நண்பகலுக்குப் பின், நீருக்கடியில் வளர்ந்த சின்னஞ்சிறு பூச்சிகள் மேலே வந்து சிறகு விரிக்கின்றன. நம் ஊர் ஈசலைப் போலக் குறுகிய வாழ்வு. சிறகு காயும்வரை அவை நீரில் மிதக்கும் அந்தச் சில நொடிகளில் மீன் மேலெழுந்து கவ்வுகிறது. அந்தப் பூச்சியைப் போல இறகும் நூலும் கட்டிய முள்தான் எங்கள் இரை, அரிசிமணி அளவுதான். அதற்கு எடையே இல்லை. ஈயக்குண்டுக்குப் பதில், தடித்த கயிற்றின் எடைதான் வீச்சைக் கொண்டுபோகிறது; நுனியில் முடி போன்ற தங்கூசி. விழுந்த இரை ஓட்டத்தோடு மிதக்க வேண்டும். கயிறு அதை ஒரு விரற்கடை இழுத்தாலும் மீன் ஒதுங்கிவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மார்ச்சில் சரளைக்கற்களின் மேல் நடக்காதீர்கள். இலையுதிர் காலத்தில் இட்ட முட்டைகளும் பொரித்த குஞ்சுகளும் அந்தக் கற்களின் இடுக்கில் இருக்கின்றன. நான் கரையில் முழந்தாளிட்டே வீசுகிறேன்.

இந்தப் பருவத்தில் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். முதலில் கையை நனைத்துக்கொள்கிறேன்; உலர்ந்த கை மீனின் வழவழப்பைத் துடைத்துவிடும். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, எதிரோட்டம் பார்த்துப் பிடித்திருக்கிறேன். செவுள் இரண்டு மூன்று முறை அசைகிறது. பிறகு வாலை ஒரு வெட்டு வெட்டி, கரைக்கு அடியில் இருக்கும் இருட்டுக்குள் போய்விடுகிறது.